ஜின்னுக்குப் பயமா, கணக்குக்குப் பயமா?

நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 2021 ஓகஸ்ட் 6ஆம் திகதி வெளியான ‘நவரசா’ ஒன்பது கதைகளின் தொகுப்பு. கொரோனாவில் தொழிலிழந்த தமிழ்த் திரைத் தொழிலாளருக்கு உதவும் நோக்கில், மணிரத்னமும் ஜெயேந்திரா பஞ்சாபகேசனும் முன்னின்று உருவாக்கியது. சுவைக்கு ஒரு கதை. இலங்கைப் போரைத் தொட்ட ‘பீஸ்’ கதையும் அதில் இருக்கிறது. ஆனால் முஸ்லிம் வாசகர் ஒருவர் ஆறுதலாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியது, அச்சச் சுவைக்கென்று ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கிய ‘இன்மை’.

கதை நடப்பது புதுச்சேரியில். வசதியான வீட்டில் வாழும் வஹீதாவிடம் (பார்வதி திருவோத்து) சில ஆவணங்களில் கையெழுத்து வாங்க வருகிறான் ஃபாரூக் (சித்தார்த்). பேச்சு எழுத்தணிக் கலை பக்கம் திரும்புகிறது. பேசப் பேச வஹீதாவின் பழைய வாழ்க்கை மேலே வருகிறது. வயோதிகப் பணக்காரர் ஒருவரின் வீட்டுக்குள் வந்த ஏழைப் பெண் (இளம் வஹீதாவாக அம்மு அபிராமி), செல்வத்தின் மேல் ஆசை, அதற்காக ஜின்னை ஏவும் சூனியம். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: பேயும் தெய்வமுமாகிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தண்டிக்கும் உரிமையுள்ள இறை. தமிழில் வரும் பேய்க்கதைகளில் பெரும்பாலானவை முதலாவதிலேயே நின்றுவிடும். கதவு தானாகத் திறக்கும், பின்னணி இசை அலறும், நாமும் ஒருமுறை துள்ளுவோம். அத்தோடு சரி. ‘இன்மை’ அணங்கில் தொடங்கி, மெல்ல நான்காவதுக்கு நகர்கிறது. உரைகாரர் இறை என்பதற்கு அரசரையும் பெரியோரையும் சொல்வார்கள். ஈமான் கொண்டவருக்கு அந்தச் சொல் எங்கே போய் நிற்கும் என்று விளக்கத் தேவையில்லை. வஹீதாவை நடுங்க வைப்பது ஜின் அல்ல. செய்தது ஒருநாள் கேட்கப்படும் என்ற நினைப்பு. இந்தக் கதையின் பலம் அதுதான்.

நமது மரபும் ஜின்னை வெறும் பூச்சாண்டியாக வைக்கவில்லை. குர்ஆனில் ஜின் என்ற பெயரிலேயே ஒரு சூரா உண்டு. அவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள், அல்லாதவர்களும் இருக்கிறார்கள். மனிதரைப் போல அவர்களுக்கும் கேள்வி கணக்கு உண்டு. மனிதர் சிலர் ஜின்களிடம் பாதுகாப்புத் தேடப் போய்ச் சுமையைத்தான் கூட்டிக்கொண்டார்கள் என்ற கருத்தும் அதே சூராவில் வருகிறது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் ஜின்கள் ஈமான் கொள்வதற்கென்றே ஒரு படலம் ஒதுக்கினார். ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. அப்புத்தளையில் பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. மஃரிபு தாண்டினால், “அந்தப் பக்கம் போக வாணாம் மகன், ஜின் நடமாட்டம் இருக்கிற எடம்” என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பொய் சொன்னால் எழுதப்படும் என்று சொல்லிப் பயமுறுத்துவது அதைவிடக் குறைவு.

அந்த எழுதப்படுதலைத்தான் ‘இன்மை’ கையில் எடுத்திருக்கிறது. வந்தவன் கேட்பது கையெழுத்து. அவர்கள் பேசுவது எழுத்தைப் பற்றி. நமது இரு தோள்களிலும் எழுதிக்கொண்டிருக்கும் மலக்குகளை நம்புகிற பார்வையாளருக்கு, பேனையும் தாளும் வரும் அந்தக் காட்சிகளில் வேறொரு கனம் தெரியும். இயக்குநர் இதைத் திட்டமிட்டாரோ இல்லையோ, படைப்பில் அது இருக்கிறது. சித்தார்த் குரலை உயர்த்தாமல் பேசுவதும், பார்வதியின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதும் அதற்குத் துணை செய்கின்றன. விஷால் பரத்வாஜின் இசையும் அதற்குக் குறுக்கே வரவில்லை.

வெளியில் நடந்தது இதற்கு நேர்மாறு. தினத்தந்தியில் வந்த விளம்பரத்தில் குர்ஆன் வசனம் ஒன்றை அச்சிட்டுவிட்டார்கள். மும்பாயின் ரஸா அகடமி கண்டித்தது. நெட்ஃபிளிக்ஸைத் தடை செய்யச் சொல்லிச் சமூக ஊடகங்களில் குரல் எழுந்தது. கோபம் நியாயமானது. காலையில் வாசித்து மாலையில் சாமான் சுற்றும் தாளில், அதுவும் பேய்க்கதை ஒன்றுக்கு அலங்காரமாக, இறைவசனத்தைப் போடலாமா? எழுத்தின் கனத்தைப் பேசும் கதைக்கு எழுத்தை வெறும் கோலமாகப் பார்த்தவர் விளம்பரம் செய்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் அந்தக் கோபத்தோடு நமது பேச்சு முடிந்துபோனது குறை. விளம்பரம் வேறு, படைப்பு வேறு. கதைக்குள் இருக்கிற உண்மையான குறையை நாம் கேட்காமலே விட்டுவிட்டோம்.

அந்தக் குறை தலைப்பிலேயே இருக்கிறது. இன்மை என்றால் இல்லாதிருத்தல். வறுமையும் இன்மைதான். திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் இந்தச் சொல்லை அந்தப் பொருளில்தான் ஆள்கிறார். படம் முதற்பொருளை வைத்து நன்றாகப் பயமுறுத்துகிறது. இரண்டாம் பொருளைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. இளம் வஹீதா எந்தக் கஷ்டத்திலிருந்து அந்த வீட்டுப் படியேறினாள், அங்கே அவளை எப்படி நடத்தினார்கள் என்பதற்கெல்லாம் நேரம் இல்லை. அவளுடைய ஆசைக்கு மட்டும் நேரம் இருக்கிறது. சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கறுப்பு’ நினைவிருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது. அங்கே சாமியென்று நினைத்துப் பயந்தது கடைசியில் மனிதக் காயத்தில் போய் முடியும். அந்தக் காயத்தின் வேரைக் காட்ட வாராவாரம் இடம் கிடைத்தது. ‘இன்மை’ குறுங்கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு காட்சி போதுமே!

இது சின்னக் குறையல்ல. எங்கள் பகுதித் தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளை நாம் அறிவோம். வரவு இடாப்பில் பெயர் இருக்கும். கதிரையில் ஆள் இருக்காது. இன்மையின் இரண்டு பொருளும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. போன வீட்டில் மோதிரம் காணாமற்போனாலும் அவள்தான். வீட்டுக்காரருக்குத் தீராத நோய் வந்தாலும், “வேலைக்கு வந்தவள் என்னமோ செஞ்சி போட்டாள்” என்ற பேச்சு. அந்தச் சந்தேகத்தைப் படம் உண்மை என்று காட்டிவிடுகிறது. ஏழைப் பெண்ணின் குற்றத்துக்குக் கணக்குக் கேட்கிற கதை, அவளை ஏழையாகவே வைத்திருந்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை.

ஆயினும் இதை விலக்கிவிடச் சொல்ல மாட்டேன். தமிழ்ப் பேய்க்கதைகளில் முஸ்லிம் வந்தால் பெரும்பாலும் தாயத்துக் கட்டவோ தண்ணி ஓதிக் கொடுக்கவோதான் வருவார். அடுத்தவர் வீட்டுப் பேயை விரட்டிவிட்டுப் போய்விடுவார். இங்கே முஸ்லிம்களே கதையின் நடுவில், ஆசையும் குற்றமும் அச்சமும் உள்ள மனிதர்களாக இருக்கிறார்கள். அந்த வாசலைத் திறந்தவருக்கு நன்றி சொல்லலாம். அடுத்த கதையை நமது எழுத்தாளர்கள் எழுத வேண்டும். அதில் கொழும்புக்குப் போன பிள்ளை வாய் திறக்கட்டும். பயப்படும் முறை அந்த வீட்டுக்காரருக்கு வரட்டும்.