அரிக்கஞ்சட்டியும் துருத்தியும்

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்பங்கரை மூலையில் ஓர் அரிக்கஞ்சட்டி இருக்கும். உள்சுவர் முழுக்க வரிவரியாகக் கோடு இழுத்த மண்சட்டி. தண்ணீர் ஊற்றி அரிசியைச் சுழற்றிச் சாய்த்தால் அரிசி நீரோடு வந்துவிடும், கல் வரியில் தங்கிவிடும். பக்கத்துச் சுவரில் சொளகு தொங்கும். அதற்குத் தண்ணீர் வேண்டாம், கையின் வீச்சும் காற்றும் போதும். உமி முன்னே பறக்கும், கனத்த தானியம் பின்னே ஒதுங்கும்.

உலகில் எங்கே ஒருவர் தங்கம் தேடத் தன் கையால் கருவி செய்தாலும் அது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் வழி வந்ததாகவே இருக்கும். ஆறு ஓடும் இடத்தில் அரிக்கஞ்சட்டி, தண்ணீர் இல்லாத பாலையில் சொளகு. நாம் கல்லை ஒதுக்கி அரிசியை எடுக்கிறோம்; அவர்கள் கல் தங்கும் அதே இடத்தில் பொன்னை எடுக்கிறார்கள்.

இந்த வீட்டுத் தொழில்நுட்பத்தைக் கைவண்ணம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. அரைகுறை வேலை என்று தள்ளுகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் அதன் பலம். 1892-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலையில் கூல்கார்டியிலும், மறு ஆண்டு கல்கூர்லியிலும் தங்கம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு. மண் கழுவ எங்கே போவது? இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். மேலே பிடித்த தட்டிலிருந்து கீழே உள்ள தட்டுக்கு மண்ணைக் கொட்டினார்கள். பாலைக்காற்று புழுதியை அடித்துச் சென்றது, கனமானது கீழ்த்தட்டில் விழுந்தது. நம் களத்துமேட்டில் நெல் தூற்றும் அதே வேலைதான். பிறகு சல்லடை, அதன் கீழே சாய்ந்த சட்டகம், அதில் குறுக்குச் சட்டங்கள், அடியில் துணி, துணிக்குக் கீழே துருத்தி என்று பெட்டி வடிவம் வந்தது. 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு அந்த ஊர்களுக்குத் தண்ணீர் தரும் திட்டம் திறக்கப்பட்டது 1903-இல்தான். அதுவரை பலருக்குச் சோறு போட்டது இந்தக் கைப்பெட்டி.

அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா பாலைகளில் இன்றும் பொழுதுபோக்காகத் தங்கம் தேடுகிறவர்கள் இதையே ஒட்டுப்பலகையிலும் பிளாஸ்டிக் குழாயிலும் செய்துகொள்கிறார்கள். துருத்திக்குப் பதில் சருகு ஊதும் மோட்டார். கருமணலைப் பிரிக்கப் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். எல்லாம் எளிதில் கிடைக்கும் பொருள். உடைந்தால் செய்தவரே சரிசெய்துகொள்ளலாம். எந்த மண்ணுக்கு எவ்வளவு சாய்வு, எவ்வளவு காற்று என்பதைக் கை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். துணி ஒன்றே பெரிய பாடம். நெசவு மிக நெருக்கமாக இருந்தால் காற்று ஏறாது. மிகத் தளர்ந்தால் பொடி கீழே கொட்டும். தறி தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கைக்கருவியின் இன்னொரு பலத்தைத் தமிழ்நாட்டு வரலாறே காட்டுகிறது. நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், தேவாலா பகுதி அன்று வயநாட்டின் ஒரு பாகம். ஆற்றுமண்ணையும் மலைமண்ணையும் மரவை என்னும் மரத்தட்டில் அரித்துத் துளித்துளியாகப் பொன் எடுப்பது அங்குள்ள மக்களின் பழைய தொழில். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் அனுபவம் பெற்ற பிரவ் ஸ்மித் 1880-இல் அந்தப் பகுதியைப் பற்றி அறிக்கை தந்தார். லண்டனில் கம்பெனிகள் வரிசையாகத் தொடங்கப்பட்டு, பெரும் பணம் திரண்டது. பாறையை இடித்துப் பொடியாக்கும் கனத்த இயந்திரங்கள் மலையேறின. சில ஆண்டுகளிலேயே எல்லாம் சரிந்தது. இயந்திரத்தின் பசிக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பாறையில் தங்கம் இல்லை. மரவைக்கு அந்தச் சிக்கல் கிடையாது. கிடைக்கும் பொருளின் அளவுக்கு ஏற்ற செலவு: இதுவே கைக்கருவியின் உண்மையான அறிவு.

இனி அதன் குறைகள். இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதாரண மணலுக்கு 2.65. காற்றில் தங்கம் மணலைப்போல ஏறத்தாழ 7 மடங்கு கனம். தண்ணீருக்குள் இரண்டுமே எடை இழக்கின்றன. ஆனால் மணல் இழக்கும் பங்கு மிக அதிகம். அதனால் நீருக்குள் அந்த வேறுபாடு 11 மடங்காகிறது. ஆகவே காற்றை நம்பும் பெட்டி தண்ணீர்ச் சட்டிக்கு என்றும் ஒரு படி கீழேதான். குண்டுமணியாக இருக்கும் பொன்னை அது பிடிக்கும். தூளாகவும் தகடாகவும் இருக்கும் பொன் புழுதியோடு பறந்துவிடும். மண்ணில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே போச்சு. களிமண் உருண்டை, உள்ளே பொன்னை வைத்துக்கொண்டே உருண்டு வெளியே போய்விடும். இந்தக் குறை பொருளின் இயல்பிலேயே இருப்பது. கைத்திறனால் குறைக்கலாம், நீக்க முடியாது.

கருவி செய்கிறவர்களின் பழக்கத்திலும் ஒரு குறை உண்டு. பெட்டியில் என்ன தங்கியது என்று பார்க்கிறார்கள். என்ன தப்பியது என்று பார்ப்பவர்கள் குறைவு. சோதிக்க எளிய வழி இருக்கிறது. எண்ணிக்கை தெரிந்த சின்னஞ்சிறு ஈயக் குண்டுகளை மண்ணில் கலந்து ஓட்டி, எத்தனை திரும்பி வந்தன என்று எண்ண வேண்டும். கழிவு மண்ணில் ஒரு கூடையை அள்ளித் தண்ணீரில் அரித்தும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை செய்யாத கருவியைப் பற்றி என்ன பெருமை சொன்னாலும் அது நம்பிக்கைதான், அறிவு ஆகாது.

மூன்றாவது குறை உடம்பைத் தொடுவது. உலர்ந்த மண்ணைக் காற்றில் ஊதும்போது கிளம்பும் புழுதியில் படிகக்கல் துகள் இருக்கும். அது நுரையீரலில் படிந்து தழும்பேறினால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும். வந்த பின் அதைக் குணமாக்க வழியில்லை. பெட்டி செய்கிறவர் மோட்டாரின் வேகத்தைப் பற்றி யோசிக்கும் அளவுக்குத் தன் மூச்சைப் பற்றி யோசிப்பதில்லை. காற்று வரும் பக்கம் நிற்பதும் சரியான முகமூடி அணிவதும் கருவியின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு பெட்டிக்கு வெளியே, கடைசிக் கட்டத்தில் காத்திருக்கிறது. பெட்டியும் சட்டியும் பிடிக்க முடியாத தூளை என்ன செய்வது? உலகெங்கும் ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்த பதில் பாதரசம். அது பொன்தூளைக் கவ்விக்கொள்ளும். பிறகு தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போக, பொன் மிஞ்சும். ஆனால் ஆவி எங்கே போகிறது? மூச்சுக்குள்ளும், கூரையிலும், குளத்திலும், மீனிலும். மனிதச் செயல்களால் உலகக் காற்றில் கலக்கும் பாதரசத்தில் ஏறத்தாழ 38 சதவீதம் இந்தச் சிறு தங்கத் தொழிலிலிருந்து வருகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2018-இல் கணக்கிட்டது. அந்த ஆண்டுதான் இந்தியாவும் பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது.

இது தொலைதூரப் பாலையின் கதை மட்டும் அல்ல. நகைப் பட்டறைகள் நிறைந்த நம் ஊர்த் தெருக்களிலும் விடியுமுன் தெருப்புழுதியைக் கூட்டி, சாக்கடை மண்ணை அள்ளி, அரம் தேய்த்த பொன்பொடியை அரித்தெடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதும் துடைப்பமும் தட்டும் சல்லடையும்தான். அவர்களது அரிக்கும் திறமை வணங்கத்தக்கது. வீணாய்ப் போகும் பொருளை மீட்டு அதில் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் பாதரசமும் நைட்ரிக் அமிலமும் அந்தத் தொழிலுக்குள் நுழைந்து, ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகள் தூங்கும் இடத்துப் பக்கத்தில் அடுப்பேறும்போது, மீட்ட பொன்னின் விலையை அந்தப் பிள்ளைகளின் நரம்பு கொடுக்கிறது.

மாற்று வழி இருக்கிறது, அது நமக்கு அந்நியமும் அல்ல. பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலைப்பகுதித் தொழிலாளர்கள் பாதரசத்தைத் தொடாமல், அரித்துச் செறிவாக்கிய மண்ணோடு வெங்காரம் சேர்த்து உருக்கிப் பொன்னைப் பிரிக்கிறார்கள். வெங்காரம் மற்றத் தாதுக்களை இளகச் செய்து கசடாக ஒதுக்கும். பொன் அடியில் திரளும். நம் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாகப் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெங்காரம்தான். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மண்ணை முன்பே நன்றாக அரித்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நல்ல கைக்கருவி என்பது பாதரசத்தைத் தேவையற்றதாக்கும் கருவி.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. நம் நாட்டில் குத்தகையும் அனுமதியும் இல்லாமல் கனிமம் எடுப்பது 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வத்திராயிருப்புக்கு மேற்கே உள்ள நம் மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். பந்தலூரின் பழைய சுரங்கக் குழிகளில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பது. கருவி எளியது என்பதால் தோண்டும் உரிமை வந்துவிடாது.

முடிவாக என் தீர்ப்பு இது. சட்டி, பெட்டி, சல்லடை, துருத்தி எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம், செய்ய வேண்டும். பாலிடெக்னிக் மாணவர்கள் கையில் எடுத்தால் ஈயக்குண்டுச் சோதனையோடு அருமையான பாடமாகும். அமிலமும் பாதரசமும் மட்டும் எந்த வீட்டுப் படியும் ஏறக் கூடாது. பட்டறைத் தெருவில் அரிக்கிறவர்களுக்கு வெங்கார முறையைக் கற்றுக்கொடுக்கவும், புகைபோக்கியோடு ஒரு பொது உலை அமைக்கவும் நகைத் தொழிலாளர் சங்கங்களும் நகராட்சிகளும் முன்வர வேண்டும். அவர்கள் அரித்தெடுக்கும் பொன் நம் எல்லார் கழுத்துக்கும்தான் வந்து சேர்கிறது.