அரியணையும் கொழுந்துக் கூடையும்

1960-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலங்கையின் பிரதமரானார் சிறிமாவோ பண்டாரநாயக்கா. உலகிலேயே அப்பதவிக்கு வந்த முதற் பெண்மணி அவர். 1966-இல் இந்தியாவில் இந்திரா காந்தி, 1988-இல் பாகிஸ்தானில் பெனாசிர் பூட்டோ, 1991-இல் வங்கதேசத்தில் காலிதா சியா! "பெண்ணை அரியணை ஏற்றிய மண்ணைப் பாரீர்!" என்று மார்தட்டுவோர் உண்டு.

பெருமைதான்; மறுக்கவில்லை நாம். ஆனால், அரியணையில் அமர்ந்த ஒருத்தியைக் காட்டி, ஆலையிலும் தோட்டத்திலும் அடுப்படியிலும் அல்லலுறும் கோடானுகோடிப் பெண்களை மறைப்பது முறையா என்று கேட்கிறோம்.

இலங்கையையே எடுத்துக்கொள்வோம். 1931-லேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வழங்கிய நாடு அது. ஆனால், அந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் கதி என்ன? 1948-இலும் 1949-இலும் வந்த சட்டங்கள், மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. உலகின் முதற் பெண் பிரதமர் பதவியேற்ற நாளில், கொழுந்து பறித்த அப்பெண்களில் பெரும்பாலோரிடம் வாக்குச்சீட்டு இல்லை. முதுகிலே கூடைதான் இருந்தது. கூலியும் ஆணைவிடக் குறைவு! அந்த வேற்றுமையை நீக்க 1984 வரை ஆயிற்று. எழுத்தறிவில் ஆணுக்கு ஏறத்தாழ இணையாகப் பெண் நிற்கும் அந்நாட்டில், 2020-இல் அமைந்த பாராளுமன்றத்தின் 225 உறுப்பினரில் பெண்கள் 12 பேர் மட்டுமே.

வங்கதேசத்தைக் காண்போம். இலட்சக்கணக்கான பெண்கள் வீட்டை விட்டு வெளியேறி ஆயத்த ஆடை ஆலைகளில் உழைக்கின்றனர். சொந்தக் கையில் சொந்தக் காசு! வரவேற்கிறோம். ஆயின் 2013 ஏப்ரல் 24 அன்று நடந்ததென்ன? சுவர் விரிசல் கண்ட இராணா பிளாசா கட்டடத்துக்குள் தொழிலாளரை வற்புறுத்தி அனுப்பினர். அது இடிந்து வீழ்ந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டனர். மாண்டோரில் பெரும்பாலோர் பெண்கள். வேலை கிடைத்தது; உயிருக்குக் காவல் கிடைக்கவில்லை.

நேபாளம் 2015-இல் இயற்றிய அரசியலமைப்பில், நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று எழுதி வைத்தது. பாராட்டுகிறோம்! ஆனால், தலைவர், துணைத் தலைவர் இருவரில் ஒருவர் பெண்ணாக நிற்க வேண்டும் என்று விதி இருந்த 2017 உள்ளாட்சித் தேர்தலில், கட்சிகள் தலைமையை ஆணுக்கும் துணைமையைப் பெண்ணுக்குமே பெரிதும் ஒதுக்கின. அதே அரசியலமைப்பு, பிள்ளைக்குக் குடியுரிமை வழங்குவதில் தாயைத் தந்தைக்குச் சமமாக வைக்கவும் இல்லை.

அண்டை வீட்டுக் குறை கூறும் நாம், நம் வீட்டை மறப்பதா? 2024-இல் மக்களவையின் 543 இடங்களில் பெண்கள் வென்றவை 74. மூன்றில் ஒரு பங்கு தருவோம் என்று 2023-இல் சட்டம் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதிச் சீரமைப்பும் முடியட்டும் என்ற பூட்டும் அதிலேயே தொங்கியது.

நாடுகள் வேறு, மதங்கள் வேறு; விலங்கு மட்டும் ஒன்றே! பெண் தந்தைக்கும் கணவனுக்கும் மகனுக்கும் அடங்கியவள் என்றான் மனு. அரியணைகூட அந்த வழியில்தான் வந்தது என்பதை உற்று நோக்குக: சிறிமாவோவும் காலிதாவும் மறைந்த தலைவர்களின் மனைவியர், இந்திராவும் பெனாசிரும் தலைவர்களின் மகள்கள். அவர்தம் ஆற்றலைக் குறைத்துரைக்கவில்லை நாம். ஆற்றல் இருந்தும், ஆணின் பெயரை ஏணியாக்கினாலன்றி ஏற முடியாத சமுதாயத்தையே சாடுகிறோம்.

ஆகவே, இளைஞர்காள்! "எங்கள் நாட்டை ஒரு பெண் ஆண்டாள்" என்று எவரேனும் பெருமை பேசினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவளுக்குச் சமகூலி உண்டா? அவள் பிள்ளைக்கு அவள் பெயரால் குடியுரிமை உண்டா? தந்தை பெயரும் கணவன் பெயரும் இல்லாத ஏழைப் பெண் சட்டமன்றத்தில் நுழைய வழியுண்டா? மூன்றுக்கும் 'உண்டு' என்ற விடை வரும் நாளில்தான், கொழுந்துக் கூடை சுமப்பவளும் அரியணையைத் தன்னுடையது என்று சொல்ல முடியும்!