தவறிய ரயிலும் தேவ சித்தமும்

வெளிநாடு போய்வந்த கிறிஸ்தவர்கள் சாட்சி சொல்ல எழுந்தால், சுமுகமாக முடிந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது, கடைசி ரயில் தவறிவிட்டது, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றபோது முன்பின் தெரியாத ஒருவர் வந்து வழிகாட்டினார் என்று கதை போகும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அதன் பின், 'இதன் மூலமாக ஆண்டவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்னவென்றால்...'

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. இப்படிப்பட்ட சம்பவங்களை எழுதிவைப்பதைப் பதினேழாம் நூற்றாண்டுப் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் ஒரு பக்திக் கடமையாகவே கருதினார்கள். பாஸ்டன் நகரப் போதகர் இன்க்ரீஸ் மேதர் 1684இல் வெளியிட்ட தொகுப்பின் முதல் அதிகாரமே கடல் விபத்துகளில் தப்பிப் பிழைத்தவர்களைப் பற்றியதுதான். மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்நிய ஊரில் மொழி தெரியாமல், கையில் காசு குறைந்து நிற்கும் மனிதன் தன்னைப் பற்றி வீட்டில் தெரிந்துகொள்ளாத எதையாவது தெரிந்துகொள்ளத்தான் செய்கிறான். அந்தப் பாடம் எப்படி எடுக்கப்படுகிறது, யார் செலவில் எடுக்கப்படுகிறது என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

எங்கள் பக்கத்து ஜெபக்கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சொன்ன சாட்சி இது. எருசலேம் சுற்றுலாவோடு ரோமையும் சேர்த்துப் போயிருந்தார். ஒருநாள் குழுவை விட்டுவிட்டுத் தோழியோடு அசிசிக்கு ரயிலேறினார். அங்கே உள்ளூர் ரயில்களின் காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். இவர்கள் குத்தவில்லை. பரிசோதகர் வந்தார், அபராதம் போட்டார். டீச்சர் இதைச் சொல்லிவிட்டுச் சபையைப் பார்த்தார். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம். ஞானஸ்நானம் எடுத்திருந்தும் ஆவியின் முத்திரை இல்லாவிட்டால் என்ன கதி? கூட்டம் ஆமென் என்றது. உண்மையிலேயே நல்ல உவமைதான்.

தோழி இரண்டாவது வரிசையில் இருந்தார். சாட்சியில் அவர் வந்த இடம் ஒன்றே ஒன்று: 'கூட வந்த சிஸ்டர் ரொம்பப் பதறிப்போயிட்டாங்க.' கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னார்: "பதறினது நான்தான். பரிசோதகரோட மல்லுக்கட்டினதும், ரெண்டு பேருக்கும் பணம் கட்டினதும் நான்தான். போகட்டும். அந்த மெஷின் எங்கே இருக்கும், எப்படி இருக்கும்னாவது சொல்லியிருக்கலாம். அடுத்த மாசம் இன்னொரு குரூப் போகுது."

இந்த வகைச் சாட்சியின் பலவீனங்கள் பெரும்பாலும் அந்தத் தேநீர்ப் பேச்சிலேயே இருக்கின்றன. பாடம் பயணத்துக்கு முன்பே தயாராக இருந்தது. அசிசிக்குப் போகாமல், தாம்பரம் ரயிலில் டிக்கெட் இல்லாமல் போயிருந்தாலும் அதே பாடம்தான் வந்திருக்கும். சம்பவம் எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை, ஏற்கெனவே நம்பியதற்கு ஒரு படம் போட்டுக் கொடுத்தது, அவ்வளவே. அந்த வேலையைச் செய்வதற்காக இயந்திரமும், பரிசோதகரும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியும் மேடைச் சாமான்களாக ஆகிவிட்டார்கள்.

பயணத்தின் இடையூறு ஒருவனை உண்மையிலேயே அசைத்துப் போட்டதற்கு ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியைக் காட்டலாம். 1735 அக்டோபரில் தம்பி சார்லஸோடும் இங்ஹாம், டெலமோட் என்ற இரண்டு நண்பர்களோடும் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். அதே கப்பலில் மொராவியர் என்ற ஜெர்மானியச் சபையார் இருந்தார்கள். 1736 ஜனவரி 25 அன்று மாலை மொராவியர் ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போது பேரலை அடித்து, பெரிய பாய் கிழிந்து, தளங்களுக்கு நடுவே தண்ணீர் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொராவியர் பாட்டை நிறுத்தவில்லை. பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமா என்று விடாமல் கேட்டார். அவர்களுக்கும் இல்லை என்று பதில் வந்தது.

வெஸ்லி இதிலிருந்து எடுத்துக்கொண்டதைப் பாருங்கள். புயலைக் கடவுள் எதற்காக அனுப்பினார் என்ற ஆராய்ச்சியில் அவர் இறங்கவில்லை. தனக்குச் சாகப் பயம் என்பதையும், இவர்களுக்கு இருப்பது தன்னிடம் இல்லை என்பதையும் கண்டுகொண்டார். மதம் பரப்பக் கிளம்பிய போதகருக்கு இது வசதியான பாடம் அல்ல. அதிலும் கவனிக்க வேண்டியது, முடிவு அந்த ஒரு மாலையில் வந்துவிடவில்லை. மற்றப் பயணிகளுக்காக மொராவியர் கூலி வாங்காமல் கீழான வேலைகளைச் செய்வதையும், யாராவது தள்ளினாலும் அடித்தாலும் எழுந்து பேசாமல் போய்விடுவதையும் அவர் வாரக்கணக்கில் பார்த்திருந்தார். புயல் அதைச் சோதித்துக் காட்டியது. இரண்டாண்டு கழித்து ஊர் திரும்பியவர், மற்றவர்களை மனந்திருப்பப் போன நானே மனந்திரும்பாதவன் என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். அதைவிட எனக்குப் பிடித்தது, பல்லாண்டுகள் கழித்து வந்த பதிப்பில் அந்த இடத்தில் அவரே போட்ட அடிக்குறிப்பு: இது சரிதானா என்று தமக்கு நிச்சயமில்லை என்கிறார். தன் சாட்சியைத் திருத்திக்கொண்ட சாட்சிக்காரர்கள் அபூர்வம்.

இன்னொரு வகைப் பாடம் உண்டு. 'அந்த ரயிலைத் தவறவிட்டதால்தான் பிழைத்தோம்.' இதன் மூத்த எடுத்துக்காட்டு ஹிப்போவின் ஆயர் அகஸ்டின். வட ஆப்பிரிக்காவில் ஒருமுறை கிளைப்பாதை ஒன்றில் தவறான பக்கம் திரும்பிவிட்டார். சரியான பாதையிலோ எதிர்த்தரப்புச் சபையாரான டொனாட்டிஸ்டுகளின் ஆயுதக் கும்பல் பதுங்கியிருந்தது. விசுவாசத்தைப் பற்றிய தமது சிறு கையேட்டில் இதை அவர் குறிப்பிடுகிறார். ஆனால் அதை வைத்துப் பெரிய மாளிகை எழுப்பவில்லை. தவறு நல்லது என்று ஆகிவிடாது, சில வேளை தவறால் நன்மை விளையலாம் என்று அளந்துதான் சொல்கிறார்.

இதே சம்பவத்தை அவருடைய வரலாற்றை எழுதிய சீடர் பொசிதியுவும் சொல்கிறார். அவர் அதோடு நிறுத்தவில்லை. அதே அத்தியாயத்தில் கலாமா ஊரின் ஆயர் பயணம் போகும்போது பதுங்கியிருந்த கும்பலிடம் சிக்கி, உடைமைகளைப் பறிகொடுத்துக் காயப்பட்டதையும் எழுதுகிறார். கலாமாவின் ஆயர் வேறு யாருமில்லை, பொசிதியுவேதான். தன் பெயரைச் சொல்லாமல் எழுதியிருக்கிறார். குருவுக்கு வழி தவறியது, சீடனுக்குத் தவறவில்லை. தப்பியவர் கதையை மட்டும் சொல்வதுதான் சாட்சிக் கூட்டங்களின் வழக்கம். அடிபட்டவருக்கு மைக் கிடைப்பதில்லை. விமானத்தைத் தவறவிட்டவரின் நன்றி நியாயமானதே. அதைத் திட்டமிட்ட மீட்பு என்று பறைசாற்றும்போது, விமானத்தில் ஏறியவர்களின் வீட்டார் அந்தக் கூட்டத்தில் இருந்தால் என்ன கேட்பார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிய பேச்சில், செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற கேள்விக்கு இயேசு இல்லை என்றே பதில் சொன்னார்; பேச்சைக் கேட்டவர்கள் பக்கம் திருப்பினார். வெஸ்லி எடுத்த பாடம் அந்தத் திசையில் இருக்கிறது.

வேதத்துக்குள்ளேயே, சம்பவத்துக்கு உடனே அர்த்தம் சொல்லிவிடும் இந்த அவசரத்தைக் கேலி செய்வதுபோல் ஓர் இடம் உண்டு. கப்பல் உடைந்து மெலித்தா தீவில், அதாவது இன்றைய மால்டாவில், கரையேறிய பவுல் விறகு பொறுக்கிப் போடும்போது விரியன் பாம்பு கையைக் கவ்விக்கொள்கிறது. பார்த்தவர்கள் இவன் கொலைகாரன் என்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்தும் அவர் சாகாததால் இவர் தேவன் என்கிறார்கள். சம்பவம் ஒன்று, அர்த்தம் இரண்டு, இரண்டுமே தப்பு. இதே தீவார்தான் மழையிலும் குளிரிலும் நனைந்து வந்தவர்களுக்குத் தீ மூட்டி அன்பு காட்டியவர்கள். அவர்களுடைய விளக்கம் பிசகியது, உபசரிப்பு பிசகவில்லை.

இதை எழுதியவர் லூக்கா. அந்தப் பயணத்தில் கூடவே போன தோழர். அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரத்தில் கப்பலில் 276 பேர் என்று எண்ணிச் சொல்கிறார். கப்பலைக் கயிறுகளால் சுற்றிக் கட்டியது, ஆழம் இருபது பாகமாக இருந்து பதினைந்தானது, பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரம் இறக்கியது என்று எல்லாம் வருகின்றன. பிழைப்போம் என்ற நம்பிக்கை அற்றுப்போனதைச் சொல்லும்போது தன்னையும் சேர்த்தே சொல்கிறார். தூதன் தோன்றியதைப் பவுலின் வாயால் சொல்லவைக்கிறார். தன் பங்குக்கு உபதேசம் ஒன்றும் கடைசியில் ஒட்டவில்லை. ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பாய்மரப் படகோட்டத்தில் கைதேர்ந்தவர், இந்தப் பயணத்தைக் காற்று, நீரோட்டம், ஆழம் எல்லாம் வைத்துச் சரிபார்த்து 1848இல் ஒரு நூலே வெளியிட்டார். லூக்கா உள்ளதை உள்ளபடி எழுதிவைத்ததால் சாத்தியமானது அது. விசுவாசத்துக்காக விவரத்தைச் சுருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

நண்பரோடு போகும் பயணத்தின் அருமையும் இங்கேதான். ஒரே சம்பவத்துக்கு இரண்டு சாட்சிகள். நான் எடுத்த பாடத்தை அவர் ஒப்புக்கொள்வாரா, என் கதையில் தன்னை அடையாளம் கண்டுகொள்வாரா என்று கேட்டுப் பார்க்க ஆள் இருக்கிறது. நம் சாட்சிகளில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை. அதனால்தானோ என்னவோ, பயணத்தில் சர்வசாதாரணமாக நடக்கும் ஓர் இடையூறு மேடைக்கு வருவதே இல்லை: கூடப் போனவரோடு சண்டை. இரண்டு நாள் ஒருவரோடொருவர் பேசாமல் கோவில்களைச் சுற்றியதை யாரும் சாட்சியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

லூக்கா அதையும் எழுதியிருக்கிறார். முந்தைய பயணத்தில் பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி அழைத்துப்போவதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் சண்டை. இருவரும் பிரிந்தார்கள். ஒரு குழு இரண்டானது, ஊழியம் இரட்டிப்பானது, சண்டையும் தேவ சித்தமே என்று இதற்கு நம் பிரசங்கிகள் பாடம் சொல்வார்கள். லூக்கா அப்படி எழுதவில்லை. பவுலை முன்பு நம்பி அப்போஸ்தலரிடம் அழைத்துப்போனவரே பர்னபாதான் என்பது அவருக்குத் தெரியும், அதையும் அவரே எழுதியிருக்கிறார். சண்டை நன்மைக்கே என்று முடித்துவைக்க வசதியான இடம் அது. பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார் என்பதோடு அவர் விட்டுவிடுகிறார்.