அலையின் ஆபத்தும் கரையின் கணக்கும்: கடற்றொழில் ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் ஈர்ப்பு குறித்து

குறுந்தொகையின் 269ஆம் பாடலில் நெய்தல் நிலத் தலைவி ஒருத்தி, தலைவனுக்குச் சொல்லியனுப்ப விரும்பும் செய்தியொன்று இடம்பெறுகிறது. சுறாமீன் தாக்கியதால் உண்டான புண் ஆறித் தந்தை மீண்டும் கடலுக்குச் சென்றுவிட்டான். உப்பை விற்று நெல் கொண்டுவரத் தாயும் உப்பளத்துக்குப் போய்விட்டாள். இப்போது வந்தால் தடையில்லை. களவுக் காதலுக்குரிய இந்தச் செய்தியில் சுறாவின் தாக்குதல் போகிறபோக்கில் சொல்லப்படுகிறது. புண்பட்டவன் மீண்டும் கடல் புகுந்ததை எண்ணி எவரும் வியக்கவில்லை. ஆபத்து அந்த வீட்டின் அன்றாடக் கால அட்டவணைக்குள் ஒரு செய்தி, அவ்வளவே.

இதற்கு நேர்மாறான காட்சியமைப்பைக் கொண்டது 'டெட்லியஸ்ட் கேட்ச்'. டிஸ்கவரி தொலைக்காட்சியில் 2005 ஏப்ரலில் தொடங்கிய இத்தொடர், அலாஸ்காவின் டச்சு ஹார்பரிலிருந்து பேரிங் கடலுக்கு நண்டு பிடிக்கச் செல்லும் படகுகளைப் பின்தொடர்கிறது. அங்கே காயமே கதை; அலையே நாயகன். பனிக்கட்டியை அரிதாகவே காணும் மிதவெப்ப நகரமான ஆக்லாந்திலும் கட்டணத் தொலைக்காட்சியின் வழியே அது வரவேற்பறைக்குள் நுழைந்தது. அலுவலக நாற்காலியில் உடலுழைப்பை இழந்த நகரவாசியின் ஏக்கம் என்று இந்த ஈர்ப்பை விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் பாதி உண்மை. மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது. முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகுக் கூடு ஒவ்வொன்றாக மேலேறுகிறது. உள்ளே எத்தனை நண்டு என்று திரையில் எண் தோன்றுகிறது. அந்த எண்ணே அவர்களின் வருமானம். நம் கரையோரங்களில் 'பங்கு' என வழங்கும் முறைக்கு நெருக்கமானது இது. படகின் தலைவனும் புதிதாக ஏறிய இளைஞனும் ஒரே அலையில் நனைகின்றனர், ஒரே பிடிப்பிலிருந்து தத்தம் பங்கைப் பெறுகின்றனர். தாங்க முடியாதவன் அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடலாம். தன் ஊதியம் எங்கே, யாரால் தீர்மானிக்கப்படுகிறது என்றறியாத பார்வையாளருக்கு இந்தத் தெளிவே பேரின்பம். ஆபத்து, ஊதியத்தின் நியாயத்துக்குச் சாட்சியாக நிற்கிறது.

இந்நிகழ்ச்சியை மலிவான பரபரப்பு என ஒதுக்குவதும் எளிதன்று. 1964இல் வெளிவந்த 'படகோட்டி' மீனவனை நாயகனாக்கியது; ஆனால் அவனுடைய தொழில் பெரும்பாலும் பாடலுக்குப் பின்னணியாகவே நின்றது. வலையிழுக்கும் கையை நெடுநேரம் உற்று நோக்கும் பொறுமை தமிழ்த் திரைக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது. அப்பணியை வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' போன்ற நாவல்களே செய்தன. உறக்கமற்ற நாட்கள், மடக்க முடியாத விரல்கள், சம்மட்டியால் பனி உடைக்கும் சலிப்பு ஆகியவற்றைப் பொறுமையுடன் காட்டியதற்காக அமெரிக்கத் தொடருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும் அது ஒன்றை மறைக்கிறது. தொடரின் முதல் பருவம் படமாக்கப்பட்டபோது, குறுகிய சில நாட்களுக்குள் முந்தியவர் அள்ளிக்கொள்ளும் பழைய போட்டிமுறை தன் இறுதிக் கட்டத்தில் இருந்தது. புயலென்று காத்திருந்தால் பருவம் முடிந்துவிடும். எனவே படகுகள் புயலுக்குள் சென்றன. 2005 ஜனவரியில் மூழ்கி ஐவரைப் பலிகொண்ட 'பிக் வேலி' படகு அளவுக்கு மீறிய சுமையை ஏற்றியிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் படகுகளுக்குரிய பிடிப்பளவு முன்னரே பங்கிடப்பட்டது, பருவம் நீண்டது, அவசரம் தணிந்தது, படகுகளின் எண்ணிக்கை சுருங்கி, தளத்தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். ஆக, ஆபத்தின் கணிசமான பகுதி கரையில் எழுதப்பட்ட விதிகளில் இருந்தது. திரையோ தொடர்ந்து அலையையே குற்றவாளியாக்கியது. விதியைப் படம்பிடிப்பது கடினம். அலை தானாகவே கேமராவுக்கு முன் வந்து நிற்கிறது.

இம்மறைப்பின் விலை நியூசிலாந்துக் கடலில் தெளிவாகத் தெரிகிறது. 2010 ஆகஸ்ட் 18 அன்று தென்கொரிய இழுவைக்கப்பல் 'ஓயாங் 70' டனீடனுக்குக் கிழக்கே வெகுதொலைவில், மீன் நிறைந்த பெருவலையை ஏற்ற முயன்றபோது மூழ்கியது. இருந்த 51 பேரில் 45 பேரை மற்றொரு மீன்பிடிக் கப்பல் மீட்டது. கப்பல் தலைவர் உட்பட அறுவர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூனில் 'ஓயாங் 75' கப்பலின் இந்தோனேசியத் தொழிலாளர் 32 பேர், வன்கொடுமையும் ஊதியமின்மையும் தாளாது லிட்டெல்டன் துறைமுகத்தில் இறங்கி வெளியேறினர். ஆக்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் இத்தகைய கப்பல்களின் தொழிலாளரைச் சந்தித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, நிலப்பத்திரத்தையும் கல்விச் சான்றிதழையும் முகவரிடம் ஈடுவைத்துவிட்டுக் கப்பலேறியவர்களைப் பற்றிப் பேசியது. துறைமுகத்தில் இறங்கினால் ஈடு போய்விடும், வீட்டார் கடனாளியாவர். பேரிங் கடற்காட்சியைச் சுவையுள்ளதாக்கும் இரண்டு நிபந்தனைகளும், அதாவது இறங்கும் உரிமையும் எண்ணிப் பெறும் பங்கும், இங்கே இல்லை. ஆதலால் அத்தளத்தின்மீது எந்த ரியாலிட்டி நிகழ்ச்சியும் எழ முடியாது. கடல் அதே அளவு கொடியதாக இருந்தும்.

இக்கதை வெளிவந்த வழி கவனிக்கத்தக்கது. தளத்தில் பொருத்திய கேமரா அதைச் சொல்லவில்லை. கரையிறங்கியோர் பேசினர், ஆய்வாளரும் பத்திரிகையாளரும் கேட்டனர். பின்னர் அரசு விசாரணை, 2014ஆம் ஆண்டுச் சட்டம், 2016 மே 1 முதல் அந்நிய வாடகைக் கப்பல்கள் நியூசிலாந்துக் கொடியின்கீழ் வரவேண்டும் என்னும் கட்டாயம் ஆகியவை தொடர்ந்தன.

நெய்தலின் உரிப்பொருளான இரங்கலைக் காத்திருக்கும் பெண்ணின் மெல்லுணர்வாக மட்டும் வாசிப்பது நம் கல்விமரபின் பழக்கம். அதனைக் கரையிலிருந்து கடற்றொழிலைக் காணும் முறையாகவும் வாசிக்கலாம். தளம் நண்டுகளை எண்ணுகிறது. கரை ஆட்களை எண்ணுகிறது. 'டெட்லியஸ்ட் கேட்ச்' ஒருமுறை இந்த இரங்கலை நெருங்கியது. 2010இல் படகுத்தலைவர் பில் ஹாரிஸ் பக்கவாதத்தால் மாண்டபோது, அவரைப் பார்த்தே அறியாத பல்லாயிரவர் துக்கப்பட்டனர். அந்தத் துக்கம் பொய்யன்று. கேமரா ஐந்தாண்டுகளாகப் பெயரும் முகமும் வழங்கி வளர்த்தெடுத்த மனிதருக்குரியது அது. அதே ஆண்டில் ஓயாங்கோடு போனவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடிய பார்வையாளர் ஆக்லாந்திலேயே எத்தனை பேர் இருப்பர்?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கடந்தபின், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் காணாமற்போனோர் பட்டியலைப் பங்குத்தந்தையரும் குடும்பத்தாருமே தயாரித்தனர். அரசு சொன்ன எண்ணோடு அது ஒத்துப்போகவில்லை. அந்தப் பட்டியலோடு அவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.