காஞ்சிச் சுவரும் ஓர் ஆய்வு மாணவியும்

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில், சிங்கத் தூண்களுக்குப் பின்னே, மணற்கல்லில் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்ட சிற்பங்கள் நீண்டு செல்கின்றன. 8ஆம் நூற்றாண்டில் அக்கோயிலை எழுப்பியவன் பல்லவமல்லன் எனப் பெயர்பெற்ற இரண்டாம் நந்திவர்மன். அச்சிற்பங்களைப் பல்லவர் குலத்தின் வரலாறாக வரிசைப்படி படித்துக் காட்டிய நூல் 1941இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. அதனை எழுதிய டாக்டர் சி. மீனாட்சி அம்மையார் அந்நூலைக் கண்ணால் காணவில்லை. 1940 மார்ச்சில், தமது 34ஆம் வயதில் அவர் மறைந்துவிட்டார்.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நெறியாளர் ஒருவரின் கீழ் இருந்து ஆய்வு செய்வது என்றால் என்ன என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இவ்வம்மையாரின் நினைவே முதலில் எழுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரிடம் பயின்று, 1936இல் அப்பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணி அவர். அந்த ஆய்வேடே 1938இல் பல்லவர் காலத்து ஆட்சிமுறையும் சமுதாய வாழ்வும் பற்றிய நூலாயிற்று. மறுஆண்டு மைசூர்த் திவான் மிர்ஸா இஸ்மாயில் அவரைப் பெங்களூர் மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியராக அமர்த்தினார். அங்கே சில மாதங்களே பணிபுரிய அவருக்கு வாய்த்தது.

ஆசிரியரின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவோம். சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றின் முதற்பகுதி வெளிவந்தது 1935இல். அவர் விரும்பியிருந்தால் மாணவியைத் தம் சோழர் நூலுக்குக் குறிப்பெடுக்கும் எழுத்தராக்கியிருக்கலாம். மாணவிக்கு வாய்த்ததோ தமக்கென ஒரு களம். அக்களத்தில் ஆட்சி, நீதி, நீர்ப்பாசனம், கல்வி, இசை, ஓவியம், நடனம் என்று இன்று தனித்தனிக் கட்டடங்களில் குடியிருக்கும் துறைகள் யாவும் ஒரே ஆய்வேட்டில் இடம்பெற்றன. இவற்றை ஒன்றாக இணைத்தது எந்தக் கொள்கையும் அன்று, கல்வெட்டுத்தான். அது அழைத்த இடத்துக்கெல்லாம் மாணவி சென்றிருக்கிறார்.

இனி நம் தயக்கம். வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்களுள் சிலவற்றுக்கு மட்டுமே விளக்க வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசுரிமை பெற ஆளின்றிக் காஞ்சியார் இரணியவர்மனிடம் செல்வதும், மூத்த புதல்வர் மூவரும் மறுக்க, 12 வயதுச் சிறுவனான பல்லவமல்லன் இசைவதும் அவ்வாசகத்தால் ஐயமின்றி விளங்குகின்றன. வாசகமற்ற இடங்களிலோ அம்மையார் செப்பேடுகள் கூறும் வம்சாவளியை ஒரு கையிலும் சிற்பத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அரசனுக்கும் பெயர் சூட்டிச் செல்கிறார். குடையின் கீழ் அமர்ந்த ஒரு மன்னனுக்கும் அடுத்த மன்னனுக்கும் கல்லில் வேறுபாடு காண்பது அரிது. ஆகவே வரிசை ஒன்றே சான்றாகி நிற்கிறது. ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் பின்வரும் பெயர்கள் யாவும் இடம் பெயரும். இதே கோயிலைச் சமயத் தத்துவத்தின் வழியே படித்த டென்னிஸ் ஹட்சனின் பெருநூல் 2008இல் வந்தது. (அதுவும் ஆசிரியர் மறைந்த பின்னரே அச்சேறியது.) அதனைப் படித்த பின் வரலாற்று நோக்கு மட்டும் போதும் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. எனினும் ஹட்சன் நின்று வாதிட ஒரு தளம் இருந்ததே இம்மாணவியின் உழைப்பால் அன்றோ!

அக்கல்வெட்டிலே நம்மைக் கவர்வது பிறிதொன்று. அரசனைத் தேர்ந்தெடுக்கச் சென்றவர்களுள் கடிகையாரும் இருந்தனர். கடிகை என்பது காஞ்சியின் உயர்கல்விக் கூடம். கர்நாடகத்துத் தாளகுந்தாவில் உள்ள 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மயூரசர்மன் தன் குரு வீரசர்மனுடன் இக்கடிகைக்குப் படிக்க வந்தான் என்றும், பல்லவக் குதிரை வீரனொருவனோடு நேர்ந்த பூசலால் படிப்பை விட்டு வாளெடுத்தான் என்றும் கூறுகிறது. கதம்ப அரசு அப்படித்தான் பிறந்தது. மாணவன் தனியே வரவில்லை, குருவோடு வந்தான் என்பதை அக்கல்வெட்டு மறவாமல் சொல்வது நோக்கத்தக்கது.

அந்தக் காஞ்சியில் இன்றைய மாணவர்கள் என்ன ஆய்கிறார்கள்? நெசவாளர் கூட்டுறவைப் பற்றிப் பொருளியல் மாணவரும், சாயத்தைப் பற்றி வேதியியல் மாணவரும், கோயிலைப் பற்றி வரலாற்று மாணவரும் எழுதுகின்றனர். நம் கைக்கு வந்த சில ஆய்வேடுகளில் முதல் இயல் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடு தொடங்குகிறது: பல்லவர் காலந்தொட்டே காஞ்சியில் பட்டு நெய்யப்பட்டு வருகிறதாம். பல்லவர் செப்பேடுகளின் வரிப்பட்டியலில் செக்கோடு சேர்த்துத் தறியும் சொல்லப்படுவது உண்மையே. ஆனால் அங்கே இருப்பது தறி, பட்டு அன்று. இன்றும் காஞ்சித் தறிக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இந்தத் தொழில் எப்போது, யாரால், எந்த வழியாக இவ்வூரை அடைந்தது என்பதல்லவா ஆய்வுக்குரிய வினா? ‘பட்டு என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டு’ என்று கேட்டுப் பேனாவை நிறுத்துவதற்குத்தான் நெறியாளர் இருக்கிறார். அவர் கேட்கவில்லை. விடையற்ற வாக்கியம் ஓர் ஆய்வேட்டிலிருந்து மற்றோர் ஆய்வேட்டுக்குக் குடியேறுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 மாணவரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம். ஆய்வேட்டைத் தருமுன் இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது. அக்கட்டாயத்தை நம்பிப் பிழைத்த போலி இதழ்களை எண்ணினால் இதனை வரவேற்கலாம். வேறு துறையிலிருந்து இணை நெறியாளரை அமர்த்திக்கொள்ளவும் விதியில் இடமுண்டு. அப்படியாயின் தறியைப் பற்றி எழுதும் பொருளியல் மாணவர், செப்பேடு படிக்கத் தெரிந்த ஒருவரிடமும் சென்று அமரலாமே. கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து இணைக்கிறார்கள். கரை நாடாவைத் தள்ளித் தருவதற்குத் தறியோரம் மற்றொருவர் அமர்ந்திருப்பார். அவர் தொழிலைக் கற்பதும் அங்கேதான். அந்த இருக்கையில் ஒரு வாரமேனும் அமர்ந்த ஆய்வு மாணவர் எத்தனை பேர் என்று அவர்தம் நெறியாளர்களைக் கேட்க விரும்புகிறோம்.