அன்றாட பக்தி: கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மரபுகளும் அளவுகோல்களும்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தத் தொலைவுக்குள், தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் அன்றாட வாழ்வைச் சீர்படுத்திக்கொள்ளக் கைக்கொண்ட வழிகளில் பெரும்பாலானவை வேர்விட்டிருக்கின்றன. கத்தோலிக்க வீடுகளின் செபமாலை, லூத்தரன் வீடுகளின் ஞானோபதேசம், பரங்கிப்பேட்டையில் ஜெபத்தையும் கைத்தொழிலையும் இணைத்த ஒரு பள்ளி, இன்றைய பெந்தெகொஸ்தே சபைகளின் உபவாசக் கூட்டம் என்று எல்லாம் ஒரே சாலையை ஒட்டியே அமைந்துவிட்டன. அதிகாலையில் எழுவது, நாட்குறிப்பு எழுதுவது, இரவில் தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது என்று இன்றைய சுயமுன்னேற்ற நூல்கள் புதிதுபோலச் சொல்பவை இந்தச் சபைகளில் பல தலைமுறைப் பழக்கம். ஆனால் அளவுகோலில் வேறுபாடு உண்டு. பழக்கத்தைக் கடைப்பிடிப்பவர் எவ்வளவு உயர்ந்தார் என்பதோடு இம்மரபுகள் நின்றுவிடவில்லை. அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவருக்கும் வாசலில் வந்து நிற்பவருக்கும் அதனால் என்ன கிடைத்தது என்றும் கேட்டன. இக்கட்டுரையில் நான் முன்வைக்க விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

காலத்தால் முந்தியது கத்தோலிக்க மரபு. தமிழில் முதலில் அச்சேறிய புத்தகங்கள் எவை என்று பார்த்தாலே இம்மரபின் அக்கறை விளங்கும். என்றிக்கே என்றீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. மறு ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’, அதற்கடுத்து 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய ஒரு கைந்நூல். மந்திரங்களும் உபதேசமும் வந்த சூட்டோடு, தன் நாளைத் தானே திருப்பிப் பார்க்கக் கற்றுத்தரும் நூலும் வந்துவிட்டது. ஆத்தும சோதனை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் தம் சபையாருக்கு இதை நாள்தோறும் விதித்தார். இன்று யாருக்கு என்ன செய்தேன், என்ன சொல்லியிருக்கக் கூடாது, எங்கே உதவாமல் ஒதுங்கினேன் என்று உறங்குமுன் எண்ணிப் பார்த்து மன்னிப்புக் கேட்பது. சில நிமிட வேலைதான். ஆனாலும் மறுநாள் காலையில் போய் யாரிடமாவது தலைகுனிய வேண்டியிருக்கும் என்பதால் அது எளிதல்ல.

இதே மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரை ‘தேம்பாவணி’யின் ஆசிரியராகவே எல்லோரும் அறிவோம். அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை இன்று படிப்பவர் குறைவு. ஊர் ஊராகச் சென்று கற்பிக்கும் உபதேசியார்களுக்காக எழுதப்பட்டது அது. பிறருக்குச் சொல்ல வருபவன் முதலில் தன் நடையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. தமிழில் ஒழுக்கத்தைத் தொழிலோடு சேர்த்துப் பேசிய நல்ல உரைநடைகளில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன். நம் ஆசிரியர் பயிற்சிக் கூடங்களிலும் அது படிக்கப்பட வேண்டும்.

வீட்டுக்குள் இம்மரபு செபமாலையாக நிலைத்தது. விளக்கு வைத்ததும் பாய் விரிக்கப்படும். பாட்டியோ அம்மாவோ பரலோக மந்திரத்தைத் தொடங்க மற்றவர்கள் முடிப்பார்கள். சுற்றுக்கு 53 அருள்நிறை மந்திரம். நடுவில் ஒரு குழந்தை சுவரில் சாய்ந்து தூங்கிப்போகும், யாரும் எழுப்புவதில்லை. ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொல்ல ஒன்றும் தோன்றாத நாள்களில், துக்கம் நடந்த வீடுகளில், அந்தச் சொற்கள் மனிதரைத் தாங்கி நிற்பதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

லூத்தரன் மரபு இங்கே வந்தது தரங்கம்பாடி வழியாக. 1706-இல் அங்கே இறங்கிய சீகன்பால்க், மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். லூத்தர் அதைக் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடமாகவே அமைத்திருந்தார். குருவானவர் இல்லாமலே வீட்டில் நடக்கக்கூடிய பாடம் அது. காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஒரு சிறு மன்றாட்டு. பிறகு ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார். இரவிலும் அப்படியே ஜெபித்துவிட்டு உடனே நிம்மதியாகத் தூங்கு என்கிறார். அந்தத் தூக்கத்தையும் பக்தியில் சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். விடிய விடிய விழித்திருந்து கடவுளை மகிழ்விக்க வேண்டும் என்ற பாரத்தை எளிய உழைப்பாளியின் தோளிலிருந்து இறக்கிவைத்தார் அவர்.

கடலூர் மிஷன் 1737-இல் சர்தோரியுஸ், கைஸ்டர் என்ற இருவரால் எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலச் சங்கத்தின் ஆதரவில் தொடங்கியது. 1740-இல் வந்த கீர்னாந்தர் என்ற சுவீடன் நாட்டவர், 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடிக்கும்வரை இங்கே உழைத்து, பின்பு கல்கத்தாவுக்குச் சென்றார். திருச்சியும் தஞ்சையும் கொண்டாடும் சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் இந்தியாவில் முதலில் கால்வைத்ததும் கடலூரில்தான். இவர்கள் யாவரும் ஜெர்மனியின் ஹாலேயில் ஃபிராங்கே வளர்த்த பக்தி இயக்கத்தின் பிள்ளைகள். அவ்வியக்கத்தில் வேதவாசிப்பும் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியும் பிரிக்க முடியாதவை. அங்கிருந்து வந்தவர்கள் நாள்தோறும் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். இன்று யாரைச் சந்தித்தோம், என்ன பேசினோம், எதில் தவறினோம் என்ற அந்தக் குறிப்புகள் ஹாலேயில் தொடர்ந்து அச்சாகி வெளிவந்தன. ஃபபிரிசியுஸ் ஐயர் தமிழில் தந்த ஞானப்பாட்டுகளும் இந்த மரபின் கொடைதான். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகளும் அவற்றின் பல சரணங்களை மனப்பாடமாகப் பாடுவார்கள். வீட்டு வேதபாடம் பாட்டில் ஏறிப் பிழைத்துக்கொண்டது.

லூத்தரன்களுக்குள்ளேயே ஒரு பெரிய பிளவு நேர்ந்தது. அன்றாடப் பழக்கத்தைப் பற்றி எழுதும் எவரும் அதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் குறித்து ஒரு தீர்மானம் செய்தது. சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ண மறுப்பவர் சாதியை விட்டவர் ஆகமாட்டார் என்பது அதன் சாரம். ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. மெல்ல மெல்லத் திருந்தட்டும் என்று அது கருதியது. அந்தப் பொறுமையை ஏற்காத அதன் மிஷனரி கார்ல் ஓக்ஸ் லைப்சிக்கை விட்டு வெளியேறி, கடலூருக்குப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப்பணி தொடங்கினார். டேனிஷ் மிஷன் அவரோடு கைகோத்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லூத்தரன் திருச்சபை அந்த வழியில் வளர்ந்ததுதான்.

வேதம் வாசிக்கிறாரா, ஜெபிக்கிறாரா என்பவற்றோடு, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதும் பக்திக்கு அளவுகோலாயிற்று. வெளியே இருந்து எளிதில் பார்க்கக்கூடிய, ஏமாற்ற முடியாத அளவுகோல் அது. நந்தனாரின் நினைவு வாழும் சிதம்பரம் வட்டாரத்தில் இதன் கனம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தனிக் கல்லறைத் தோட்டமும் சாதி பார்த்துத் தேடும் வரனும் நம் சபைகளில் இன்னும் இருக்கும்வரை, அதிகாலை ஜெபத்தின் நீளத்தைப் பற்றி நாம் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பரங்கிப்பேட்டைக்கு வருகிறேன். டேனிஷ் மிஷன் ஆசிரியையாக வந்த ஆன் மேரி பீட்டர்சன், 1917-இல் உடன் ஊழியர் எஸ்தர் ஃபேரிங்கோடு சபர்மதிக்குச் சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். பிறகு மிஷனை விட்டு விலகி, கிறிஸ்தவப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தேசியப் பள்ளி அமைக்க முனைந்தார். 1921-இல் காந்தியடிகளே வந்து அடிக்கல் நாட்டினார். அதுதான் சேவா மந்திர். டென்மார்க்கில் குருண்ட்விக் வகுத்த மக்கள் கல்வியும் காந்தியின் ஆதாரக் கல்விச் சிந்தனையும் அங்கே சந்தித்தன. ஜெபம், பாட்டு, கதர், கைவேலை எல்லாம் ஒரே நாளின் பகுதிகள். கைக்கு வேலை தராத பக்தி வாயோடு நின்றுவிடும் என்ற எண்ணத்தை இந்த வட்டாரத்தில் இவ்வளவு தெளிவாக நடத்திக்காட்டியவர் வேறு எவரும் எனக்குத் தெரியவில்லை. அவர் 1951-இல் மறைந்தார். டேனிஷ் மிஷனின் வரலாற்றை எழுதுபவர்கள் அவரை அடிக்குறிப்பில் அடைத்துவிடாமல், நம் பக்தி மரபுகளில் ஒன்றின் நிறுவனராகவே வைத்துப் பேச வேண்டும்.

பெந்தெகொஸ்தே சபைகள் பின்னால் வந்தவை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், தசமபாகம், சாட்சி சொல்லுதல் ஆகியவை அவற்றின் அன்றாடத்தை அமைக்கின்றன. வெள்ளி உபவாசம் புதுமை அல்ல. ஆதிச் சபையின் கையேடான ‘திதாகே’ புதனும் வெள்ளியும் உபவாசிக்கவும், நாளுக்கு மூன்று முறை கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லவும் விதித்திருக்கிறது. குடியை விட்டு மீண்ட எத்தனையோ ஆண்கள் முதன்முதலாகத் தம் பெயரைச் சொல்லி எழுந்து நின்று பேசியது இந்தச் சாட்சி மேடைகளில்தான். பழைய சபைகள் இதைக் கற்றுக்கொள்ளத் தயங்கக் கூடாது.

வாசிப்பின் அளவைப் பற்றி ஒரு சொல். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தும் வாசித்தால் ஓர் ஆண்டில் முடியும் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். ஸ்காட்லாந்துப் போதகர் மெக்செய்ன் 1842-இல் தம் சபைக்கு வகுத்த அட்டவணை இன்னும் கூடுதல். அதில் புதிய ஏற்பாடும் சங்கீதமும் ஆண்டுக்கு இருமுறை வரும். முடிந்தவர்கள் செய்யட்டும். ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கும், விடியுமுன் தேவனாம்பட்டினத்தில் படகு இறக்கும் மீனவருக்கும் அதிகாலை ஐந்து மணித் தியானத்தை விதிப்பது அநியாயம். அவர்களுக்கு ஒரு சங்கீதம் போதும். அதே சங்கீதம் ஒரு வாரம் முழுவதும் போதும். காய்ச்சல் நாளிலும் செய்யக்கூடிய அளவே சரியான அளவு என்பது என் துணிபு. கைப்பேசியில் வந்த வாக்குத்தத்த வசனத்தை வாசிக்காமலே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

எல்லா மரபுகளையும் தாண்டி ஒரு பழக்கம் என்னை அதிகம் ஈர்க்கிறது. அதற்கு ஆசிரியர் பெயரோ ஆண்டோ கிடையாது. பிடியரிசிக் காணிக்கை. உலை கொதிக்கும்போது அம்மா அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவார். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் டப்பாவில் போட்டுவிட்டு மீதியைக் களைவார். கவனிக்க வேண்டியது எங்கிருந்து எடுக்கிறார் என்பது. மூட்டையிலிருந்து எடுப்பதில்லை, வீட்டுக்கென்று அளந்ததிலிருந்துதான் எடுக்கிறார். அன்றைக்கு அந்தக் குடும்பம் ஒரு பிடி குறைவாகவே உண்கிறது. மாதக் கடைசியில் துணிப்பையில் அது ஆலயத்துக்குப் போகிறது. ஏழைக்கோ உபதேசியார் வீட்டுக்கோ பயன்படுகிறது. புத்தகம் வாங்கத் தேவையில்லை, நேரம் ஒதுக்கத் தேவையில்லை, எழுத்தறிவும் தேவையில்லை. ஒரு நாளுக்கு இரண்டு முறை, கையே ஜெபிக்கிறது. பார்த்து வளரும் பிள்ளைக்குத் தனியாகப் பிரசங்கம் வேண்டியதில்லை.

மார்கழியில் சிதம்பரத்துத் தெருக்களில் திருவெம்பாவை ஒலிக்கும் அதே நாள்களில் நம் கீதபவனிக் குழுக்களும் வீடுவீடாகப் பாடிச் செல்கின்றன. ஆறுகாலப் பூசை தவறாத ஊர், அங்கே சிறு எண்ணிக்கையில் வாழும் நம் ஒழுங்கையும் தளரவிடாமல் காக்கும் நல்ல அயல். அந்த அயலாரோடு பழகும் விதமும் நம் பக்தியில் சேர்ந்ததே.

ஆலய மலர்கள் பெரும்பாலும் கட்டடத்தின் வரலாற்றையும் ஆயர்களின் வரிசையையும் தருகின்றன. அடுத்த மலருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சபையிலும் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து அவர்கள் வீட்டு ஜெபம் எந்நேரம், யார் தொடங்குவார், எந்தப் பாட்டு, பிடியரிசி எப்போது நின்றது, ஏன் நின்றது என்று கேட்டு எழுதி வையுங்கள். திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளோடு பெற்றோரையும் ஒருநாள் உட்காரவைத்து, லூத்தர் வீட்டுக்கென எழுதிய காலை, மாலை ஜெபங்களைச் சேர்ந்து சொல்லப் பழக்குங்கள். ஷிப்ட் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று அவர்களையே கேட்டு முடிவுசெய்யுங்கள். அடுப்படி டப்பாவை மீண்டும் தொடங்க ஒரு குடும்பம் முன்வந்தால், அதன் அரிசியைச் சேரவேண்டிய வீட்டுக்கு அக்குடும்பத்தின் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.