குருதிச் சோதனையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதும்

கருவுற்ற பெண்களுக்கு வரும் பிரீஎக்ளாம்சியா என்னும் நோயைக் குருதிச் சோதனையால் முன்கூட்டியே அறியலாம் என்றும், அதன் முடிவு நூற்றுக்கு 99-க்கு மேல் சரியானது என்றும் கூறக் கேட்கிறோம். இக்கூற்றுக்கு அடிப்படை, 2016 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் சைஸ்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வுரை. அது உண்மையில் கூறுவது என்ன?

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. கருவுற்ற 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்கிறது. பெரும்பாலும் சிறுநீரில் புரதம் கலந்து வருகிறது. முற்றினால் வலிப்பு ஏற்பட்டுத் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்த பிறகே நோய் பொதுவாகத் தணியும்.

ஏன் நஞ்சுக்கொடி? அதிலிருந்து தாயின் குருதியில் கலக்கும் பி.எல்.ஜி.எஃப். என்னும் புரதம் குருதிக் குழாய்களின் நலத்தைக் காப்பது. எஸ்.எஃப்.எல்.டி.-1 என்னும் மற்றொரு புரதமோ அதைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்வது. இந்நோயில் தடைப்புரதம் மிகுந்துவிடுகிறது என்று 2003-ல் காட்டியது, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஆனந்த் கருமஞ்சியின் குழு. முன்னதைப் பின்னதால் தடுக்கும் அளவை ஒரே எண்ணாகக் காட்டுவதே இச்சோதனை: தடைப்புரத அளவைக் காப்புப்புரத அளவால் வகுத்து வரும் ஈவு.

ஈவு 38 அல்லது அதற்குக் குறைவு எனில், அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் தோன்றாது என்னும் கணிப்பு நூற்றுக்கு 99.3 சரி என்கிறது ஆய்வுரை. 38-க்கு மேற்பட்டோரில் நான்கு வாரங்களுக்குள் நோய் கண்டவர்களோ நூற்றுக்கு 36.7 பேர்தாம். எனவே 99 என்பது ‘இல்லை’ என்ற விடைக்கு மட்டும், அதுவும் ஒரு வாரத்துக்கு மட்டும் உரியது.

இன்னொன்றையும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வாரக் கணிப்பில், நோய் தோன்றியோரில் 80 விழுக்காட்டினரையும் தோன்றாதோரில் 78.3 விழுக்காட்டினரையும் சோதனை சரியாகப் பிரித்தது. இவ்வெண்களின்படி, இத்தகைய 1,000 பெண்களில் ஒரு வாரத்துக்குள் நோய் தோன்றுவோர் ஏறத்தாழ 27 பேரே. அப்படியானால், ஊசியே குத்தாமல் எல்லாரிடமும் ‘ஒன்றும் வராது’ என்று சொன்னாலும் நூற்றுக்கு 97 சரியாகிவிடும்! சோதனை செய்தால் 233 பேருக்கு ஈவு 38-ஐத் தாண்டும். அவர்களுள் அவ்வாரம் நோய் தோன்றுவோர் 22 பேர். மீதி 5 பேர், ‘இல்லை’ எனப்பட்ட 767 பேரிடையே மறைந்திருப்பர்.

இதனால் சோதனை பயனற்றது என்பதன்று. ஆயிரத்துக்கு 27 ஆக இருந்த ஆபத்து ‘இல்லை’ எனப்பட்டோருக்கு ஏறத்தாழ 7 ஆகக் குறைகிறதே! தேவையின்றி மருத்துவமனையில் படுத்திருப்போரை வீட்டுக்கு அனுப்ப இது உதவும். சோதனை முடிவைச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்குத் தெரிவிக்காமலே ஆய்வை நடத்தியதும் பாராட்டத்தக்கது. எண்ணைக் கண்டு அவர்கள் முடிவு மாறியிருக்க முடியாது.

எனினும் இரு குறிப்புகளை மறக்கலாகாது. ஆராயப்பட்டவர்கள் எல்லாக் கர்ப்பிணிகளும் அல்லர். 24 முதல் 36 வாரக் கர்ப்பத்தில், நோய் இருக்குமோ என ஏற்கெனவே ஐயுறப்பட்டவர்கள். ஆய்வுக்கு நிதி அளித்தது, இச்சோதனைப் பொருள்களைத் தயாரிக்கும் ரோஷ் டயக்னாஸ்டிக்ஸ் நிறுவனம். இதனால் முடிவுகள் பொய்யாகிவிடா. ஆனால் படிப்போர் கூர்ந்து படிக்க வேண்டும்.

‘99’ என்று கேட்டு நிம்மதி அடைந்த பெண், மூன்றாம் வாரம் வந்த கடுந்தலைவலியையும் கண் மங்கலையும் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? ‘38-ஐத் தாண்டிவிட்டது’ என்ற அச்சத்தால் மட்டுமே குறைமாதக் குழந்தையை வெளியே எடுத்துவிட்டால்? இரண்டுமே எண்ணைத் தவறாகப் படித்ததன் விளைவுகள்தாம். நல்ல சோதனையும், தான் விடை தரும் கேள்விக்கு மட்டுமே விடை தரும். இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பதும் சிறுநீரைச் சோதிப்பதும் அதன் பின்னும் தொடர்ந்தே ஆக வேண்டும்.